சேக்கிரட் துரைக்குப் பாண் வைத்த காலம்

“...அப்பிடியெண்டால் என்ர பேர் ஒரு மனிசன்ர பேரும் இல்லையோ?” என்று கேட்டார் சேக்கிரதராசா அண்ணை.

வசனத்தின் முன்பாதி, பக்கத்து மேசைக்காரர் கதிரையை இழுத்த சத்தத்தில் போய்விட்டது. பின்பாதி மட்டும் தெளிவாக விழுந்தது. ரொறன்ரோவின் வோபர்னில் மார்க்கம் வீதியோரமாக இருக்கிற கோப்பிக் கடையில் இருந்தோம். அண்ணை, நான், அண்ணையைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்த அவருடைய பேத்தி அபி. இந்த வயதில் நாங்கள் இரண்டு பேரும் சந்திப்பதென்றால் ஏற்றி இறக்க ஒரு பிள்ளை வேண்டும். கோப்பி அந்தப் பிள்ளைக்கான கூலி.

அபி என் கைத்தொலைபேசியை இன்னும் கையில் வைத்திருந்தாள். அதில் ஊரிலிருந்து வந்த ஒரு படம். எங்கள் ஊர் இங்கிலீசுக் கோயிலின் சுவரில் பதித்திருந்த சலவைக்கல். கல் என்பதைவிடக் கல்லின் தலை என்று சொல்லவேண்டும். சண்டைக் காலத்தில் செல் குண்டு விழுந்து கீழே இருந்ததெல்லாம் சிதறிவிட்டது. மேலே பெரிய ஆங்கில எழுத்தில் ஒரேயொரு சொல் நிற்கிறது. அதைத்தான் அவள் வாசித்தாள்.

“நோ அப்பப்பா, உது ஆளின்ர பேர் இல்லை. சேக்ரட். லைக், புனிதம். ‘சேக்ரட் டு த மெமரி ஒஃப்’ எண்டுதான் இந்தக் கல்லெல்லாம் தொடங்கும். பேர் அதுக்குக் கீழதான் வரும்.”

“கீழ ஒண்டும் இல்லையே, பிள்ளை.”

“அதுதான். பேர் உடைஞ்சு போச்சு.”

அண்ணை கண்ணாடியைக் கழற்றிச் சேட்டு நுனியில் துடைத்தார். திரும்பவும் போட்டுப் படத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி.

 கடைக்குள் யாருக்கோ பாண் வாட்டிக்கொண்டிருந்தார்கள். இங்கே அதற்கு வேறு வேறு பெயர்கள், நடுவில் ஓட்டை போட்டதும் உண்டு. ஆனால் மா வாடிக் கருகுகிற மணத்துக்கு ஊர் பேதம் கிடையாது. அந்த மணம் என்னை நேரே கொண்டுபோய் இங்கிலீசுக் கோயில் அலுமாரிக்கு முன்னால் நிறுத்தியது. அலுமாரிக்கும் பாணுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். சொல்கிறேன். முதலில் கோயிலைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு எதையும் நேரே சொல்ல வராது.

அந்தப் படம் என்னிடம் வந்ததே கோயிலால்தான். எங்கள் ஊர்ச்சங்கத்தார் இந்த வருடம் ஒரு மலர் போடுகிறார்கள். அதில் இங்கிலீசுக் கோயிலின் வரலாற்றை என்னை எழுதச் சொன்னார்கள். நான் வேதக்காரனில்லை, சைவம். படித்தவனுமில்லை, பத்தாம் வகுப்பு ஓ.எல் சோதனையோடு நின்றவன். ஏன் என்னை என்று கேட்டேன். “நீங்கள்தானே அண்ணை கனக்கக் கதைக்கிறனீங்கள்” என்றார்கள். மறுக்க முடியாத காரணம்.

எங்கள் ஊர் தீவின் வடகரையில் ஒரு சின்னத் துறைமுகம். வெள்ளைக்காரர் காலத்தில் அங்கே சுங்கக் கந்தோர் இருந்தது. கந்தோருக்குத் துரைமார் இருந்தார்கள். துரைமாருக்கு ஞாயிற்றுக்கிழமை இருந்தது. அதனால் கோயில் வந்தது. கடற்கரையில் கத்தோலிக்கக் கோயில் அதற்கு முந்தியே உண்டு, ஆனால் அது சனங்களுடையது. துரைமாருக்கு இங்கிலாந்துச் சபைக் கோயில்தான் வேண்டும். ஊர் அதற்கு ‘இங்கிலீசுக் கோயில்’ என்று பெயர் வைத்தது. செபமும் பாட்டும் தமிழுக்கு மாறிப் பல காலம் ஆன பிறகும் பெயர் மாறவில்லை.

கல் எங்கேயிருந்து வந்தது என்பதற்கு ஒரு கதை இருந்தது. ஒல்லாந்தர் விட்டுப்போன பண்டகசாலையை இடித்து எடுத்த கல்லாம். ஒல்லாந்தர் அதைப் பறங்கியின் கோட்டையை இடித்து எடுத்தார்களாம். பறங்கி எங்களுடைய கோயிலை இடித்து எடுத்தானாம். “கோயிலால போன கல்லு கோயிலுக்கு வந்திட்டுது” என்று ஊரில் சொல்வார்கள். ஆதாரம் கேட்டால் என்னிடம் இல்லை. மலரில் ‘என்று நம்பப்படுகிறது’ என்று போட்டுக்கொள்ளலாம். அந்த இரண்டு சொல்லும் இல்லாவிட்டால் எங்கள் ஊருக்கு வரலாறே இல்லை.

கூரை இன்னொரு அதிசயம். மரமெல்லாம் எங்கள் பனை. வடிவம் மட்டும் இங்கிலாந்து. அப்படிச் செங்குத்தாக ஒரு கூரை ஏன் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஓடு மாற்ற ஏறுகிறவர்கள் கட்டியவனைத் திட்டிக்கொண்டே ஏறுவார்கள். ரொறன்ரோவுக்கு வந்த முதற் பனிக்காலத்தில் ஒருநாள் பஸ்ஸுக்கு நின்றேன். எதிரே ஒரு பழைய சேர்ச். அதன் கூரையிலிருந்து பனி முழுவதும் பாய் சுருட்டியதுபோல் சரிந்து ‘தொம்’ என்று விழுந்தது. அப்போதுதான் விளங்கியது. பனி வழுக்கி விழுவதற்குக் கட்டிய கூரையை எங்கள் ஊரில், புழுக்கத்தில், வேர்த்து வடிய வடியக் கட்டியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் அதிலிருந்து வழுக்கியவை காகங்கள் மட்டும்தான்.

உள்ளே இருப்பதற்கு இரண்டு பக்கமும் நீள வாங்குகள். முன்வாங்குகள் துரைமாருக்கு, எங்கள் ஆட்கள் பின்னுக்கு. துரைமார் போய்விட்டார்கள். எங்கள் ஆட்கள் பின்னுக்கே இருந்தார்கள். யாரும் மறிக்கவில்லை, யாரும் முன்னுக்குப் போகவுமில்லை. நான் பார்த்த காலத்திலும் போதகர் ஐயா வெறும் வாங்குகளைத் தாண்டித்தான் பிரசங்கம் செய்வார். பாவம், கத்தவேண்டும். “ஏன் முன்னுக்குப் போறேல்லை?” என்று கேட்டால் “அங்க வெயில் விழும்” என்பார்கள். வெயில் ஒரு வாங்குக்குத்தான் விழும்.

முதலில் இராசாவுக்காகச் செபித்தார்கள், பிறகு இராணிக்காக, பிறகு சனாதிபதிக்காக. குரலில் ஒரு மாற்றமும் இருக்காது. நான் இங்கே வந்து குடியுரிமை எடுத்தபோது அதே இராணிக்கு விசுவாசம் சொன்னேன். இப்போது திரும்பவும் இராசா. உலகம் உருண்டை என்று எங்கள் வாத்தியார் சொன்னதை நான் அன்றைக்கு நம்பவில்லை.

இனி அலுமாரி. கோயிலின் இடப்பக்கச் சுவரில் அந்தச் சலவைக்கல். அதற்கு முன்னால், பாடகர்களின் வெள்ளை அங்கிகள் வைக்கிற பெரிய பலா மர அலுமாரி. யாரோ ஒரு காலத்தில் தற்காலிகமாக வைத்திருக்கவேண்டும். பிறகு அதை அசைக்க ஆள் கிடைக்கவில்லை. அலுமாரியின் தலைக்கு மேலால் கல்லின் முதல் வரி மட்டும் எட்டிப் பார்க்கும். சேக்ரட். மிச்சமெல்லாம் அலுமாரிக்குப் பின்னால்.

அதை முதலில் எழுத்துக்கூட்டி வாசித்தவர் யாரென்று தெரியாது. கந்தோர்க் கதவிலே பெரிய எழுத்தில் இருப்பது துரையின் பெயர்தான். அப்படியென்றால் கோயிற் சுவரிலே பெரிய எழுத்தில் இருப்பதும் துரையின் பெயர்தானே? சேக்கிரட் துரை. செத்துப்போன பெரிய துரை. ஊர் ஏற்றுக்கொண்டது. சின்னப் பிள்ளைகள் நாங்கள் ஒரு படி மேலே போய், துரை அந்த அலுமாரிக்குள்தான் நிற்கிறார் என்று நம்பினோம். ஒருநாள் கதவு திறந்து கிடக்க, உள்ளே வெள்ளை வெள்ளையாக ஆள் உயரத்துக்குத் தொங்கியதை என் கண்ணால் பார்த்தேன். வீட்டுக்கு ஓடிவந்தவனுக்கு மூன்று நாள் காய்ச்சல்.

சேக்கிரதராசா அண்ணையின் தாய் செல்லாச்சி மாமி எங்களுக்குப் பக்கத்து வளவு. அவர் துரையைக் கண்டது நான் பிறக்குமுன் நடந்தது. ஆனால் அவர் வாயால் எத்தனையோ தரம் கேட்டதில் நானும் அங்கே நின்ற மாதிரித்தான். இங்கிலீசுக் கோயிலில் வருடத்துக்கு ஒருமுறை அறுவடைத் திருநாள் வரும். பூசணி, வாழைக்குலை, முருங்கைக்காய் எல்லாம் கொண்டுவந்து படைத்து, பிறகு ஏலம் விடுவார்கள். ஏலத்துக்குச் சைவக்காரரும் போவார்கள், ஏலத்துக்குச் சமயமில்லை. மாமி முதன்முதலாகப் போனவர், ஒழுங்கு தெரியாமல் நேரே போய் முன்வாங்கில் இருந்துவிட்டார்.

“பிள்ளை, உதில இருக்கிறேல்லை” என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, “ஏன், ஆரும் துவாய் போட்டு வைச்சிருக்கினமோ?” என்று கேட்டாராம். போதகர் ஐயா சிரித்ததாக மாமி சொல்வார். அங்கே இருந்து பார்த்தால் அலுமாரியும் எழுத்தும் நேரே தெரியும். “உது ஆர்?” என்று கேட்டார். சேக்கிரட் துரை என்று சொன்னார்கள்.

மாமிக்கு அப்போது பிள்ளை நிற்கவில்லை. உண்டாவதும் தவறுவதுமாக இருந்தது. பிள்ளையார், முருகன், மாதா, பள்ளிவாசல், ஒன்றையும் அவர் விடவில்லை. “கும்பிடுறதுக்கு யோசிக்கிறதே? ரெண்டு கையும் சும்மாதானே கிடக்கு” என்பார். துரையையும் கும்பிட்டார். ஆனால் நேர்த்தி வைப்பதற்கு ஒரு சிக்கல் வந்தது. வெள்ளைக்காரனுக்கு என்ன படைப்பது? பொங்கல் தின்பானோ, மோதகம் தின்பானோ? யோசித்து, பேக்கரியில் ஒரு றாத்தல் பாண் வாங்கிக்கொண்டு போய் அலுமாரிக்கு முன்னால் வைத்தார்.

அடுத்த வருடம் பிள்ளை பிறந்து, நின்றது. மாமி பெயரை ஏற்கனவே வைத்திருந்தார்: சேக்கிரட்ராசா.

“விசரே உமக்கு? ஊர் என்ன கதைக்கும் தெரியுமோ?” என்றாராம் புருசன்.

“ஊர் எந்தப் பேர் வைச்சாலும் கதைக்கும். தந்தவற்ர பேரைத்தானே வைக்கவேணும்.”

‘தந்தவர்’ என்ற அந்தச் சொல்லை அவர் கொஞ்சம் யோசித்துப் பாவித்திருக்கலாம். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. பிறப்புப் பதிவுகாரர் ‘ட்’ பெயருக்கு வடிவில்லையென்று ‘த’ போட்டு, சேக்கிரதராசா ஆக்கினார். பிற்காலத்தில் கடவுச்சீட்டு எடுக்கையில் அது இங்கிலிசுக்குத் திரும்பிப் போனபோது, தன் சொந்த வீட்டாரே அடையாளம் காணாத அளவுக்கு எழுத்து மாறிப்போயிருந்தது. இவ்வளவு காலமாக அண்ணைக்கு யாரும் உண்மையைச் சொல்லாததற்கு அதுதான் காரணம்.

பெயர் வைத்த கையோடு மாமி பிள்ளையைப் போதகர் ஐயாவிடம் கொண்டுபோய்க் காட்டினார். என்ன பெயர் என்று ஐயா கேட்டார். மாமி சொன்னார். ஐயா கோயில் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, பிள்ளையின் தலையில் கையை வைத்து, “நல்ல பேர். வேதத்திலயும் இருக்கு” என்றார். மாமி சாகும்வரை இதை ஊருக்கெல்லாம் சொன்னார். நற்சான்றிதழ் மாதிரி.

பள்ளிக்கூடத்தில் அண்ணை பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆள் நல்ல கறுப்பு. “டேய், வெள்ளைக்காரன்ர மகன் வாறான், கதிரை போடுங்கோடா!” என்பார்கள். அண்ணை அழமாட்டார். “ஓமடா. என்ர பேர் கோயிலுக்குள்ள கல்லில வெட்டிக் கிடக்கு. உன்ர பேர் எங்கயடா கிடக்கு? வரவு இடாப்பிலயும் வாத்தியார் பிழையாத்தான் எழுதி வைச்சிருக்கிறார்” என்பார்.  அந்த ஒரு கல்லை வைத்துக்கொண்டு முழுப் பள்ளிக்கூடக் காலத்தையும் ஒப்பேற்றிய மனிதர் அவர்.

பிள்ளை நின்ற செய்தி பரவ, துரைக்கு மவுசு கூடியது. ஆனால் பிள்ளை வரத்துக்கு மற்றக் கோயில்களே போதும், துரைக்கென்று ஒரு தனி இலாகா வேண்டும் அல்லவா? இங்கிலிஷ் சோதனையை அவரிடம் ஒப்படைத்தோம். கணக்குக்குப் பிள்ளையார், இங்கிலிசுக்குத் துரை. ஓ.எல் சோதனை வந்தால் அலுமாரிக்கு முன்னால் பாண் வரிசையாக நிற்கும். போதகர் ஐயா ஒன்றும் சொல்லமாட்டார். “மெழுகுதிரி மட்டும் வேண்டாம் பிள்ளையள், அலுமாரி பத்திப்போடும். பாண் காணும்” என்பார். பின்னேரம் அந்தப் பாணையெல்லாம் வளவில் விளையாடுகிறவர்களுக்குப் பிய்த்துக் கொடுப்பார். நாங்கள் வைத்த பாணை நாங்களே தின்றோம்.

நானும் வைத்தேன். எனக்கு இங்கிலிஷ் தவறியது. வைப்பதற்கு முன் வழியில் ஓரத்தைக் கிள்ளித் தின்றிருந்தேன், அதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. “கிள்ளின பாணுக்குக் கிள்ளின மார்க்ஸ்தான் தம்பி” என்றார் அண்ணை, அப்போது அவர் இளந்தாரி, மீசை முறுக்கிக்கொண்டு.

இப்போது மீசை வெள்ளை. கோப்பிக் கடை மேசையில் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டிருந்தார்.

“போதகருக்குத் தெரியும்தானே, தம்பி?” என்றார்.

“தெரியாமல் இராது, அண்ணை. இங்கிலிஷ் படிச்ச மனிசன்.”

“தெரிஞ்சுகொண்டு என்ர அம்மாவுக்கு ஏன் சொல்லேல்லை? அவவை ஒண்டும் தெரியாத பேய்ச்சி எண்டு நினைச்சவரோ?”

“வட் டிட் ஹி சே?” என்று அபி என்னைக் கேட்டாள். நல்ல பேர், வேதத்திலும் இருக்கு என்று போதகர் சொன்னதைச் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். “அப்பப்பா, அவர் பொய் சொல்லேல்லையே. இட்ஸ் ட்ரூ. பைபிளில இருக்கும்தானே.”

அண்ணை அதை ஏற்றாரா இல்லையா என்று தெரியவில்லை. என் பக்கம் திரும்பினார். “உதை மலரில எழுதப்போறியோ?”

“உங்கட அம்மாவும் பாணும் இல்லாமல் அந்தக் கோயிலுக்கு என்னண்ணை வரலாறு?”

“என்னைச் சிரிக்கட்டும். எனக்குப் பழகிப்போச்சு. அவவைச் சிரிப்பாங்கள். எழுத்துத் தெரியாத மனிசி, கல்லில கண்ட முதற் சொல்லைப் பிள்ளைக்கு வைச்சிட்டுது எண்டு. ரொறன்ரோ முழுக்கக் கதைப்பாங்கள். நான் இருக்கேக்க அவவுக்கு உந்த வேலை செய்யாதை.”

“நீங்கள் வேண்டாமெண்டால் எழுதேல்லை, அண்ணை.” அப்படித்தான் சொன்னேன். மனதார.

அவர் கோப்பையில் மிச்சமிருந்ததைக் குடித்து முடித்தார்.  

அந்த அலுமாரி இப்போது இல்லை. சண்டைக் காலத்தில் சனங்கள் இங்கிலீசுக் கோயிலுக்குள் போய்த் தங்கினார்கள். அப்போது முன்வாங்கு பின்வாங்கு என்றெல்லாம் ஒன்றும் இருக்கவில்லை. இருந்த இடத்தில் படுத்தார்கள். விறகு முடிந்த ஒரு நாளில் அலுமாரியைக் கொத்தி எரித்தார்களாம். வெள்ளை அங்கிகளைக் காயத்துக்குக் கிழித்துக் கட்டினார்களாம். பிறகு அவர்களும் அங்கிருந்து எழும்பவேண்டி வந்தது. அதற்குப் பிறகுதான் செல் விழுந்தது. கணக்குப் பார்த்தால், அலுமாரி எரிந்ததற்கும் செல் விழுந்ததற்கும் இடையில் கொஞ்ச நாள் அந்தக் கல் முழுதாகத் தெரிந்திருக்கும். துரையின் உண்மைப் பெயர், ஊர், என்ன நோயில் செத்தார், எல்லாம். அந்த நாட்களில் கோயிலுக்குள் இருந்த பலரைப் பிற்காலத்தில் கண்டு கேட்டேன். ஒருவரும் சுவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்கிற காலமா அது?

சுங்கக் கந்தோர் இருந்த இடத்தில் இப்போது வெறும் மணல். பேக்கரி இல்லை. பனங்கூரை போய், கோயிலுக்குத் தகரம் போட்டிருக்கிறார்கள், சரிவு குறைத்து. செல்லாச்சி மாமி இடம்பெயர்ந்து போன இடத்தில் காலமானார். அண்ணை அப்போது இங்கே, ஒரு தொழிற்சாலையில், இரண்டு கிழமை கழித்துத்தான் செய்தி வந்தது. மாமியை அடக்கம் செய்த இடம் எதுவென்று யாருக்கும் சரியாகத் தெரியாது. கல் ஒன்றும் வைக்கவில்லை.

அண்ணை எழும்பினார். “அப்பப்பா, ஐ’ல் கெட் இட்” என்று அபியும் எழும்ப, அவளைக் கையமர்த்திவிட்டுத் தானே மெல்ல நடந்து கடைக்காரப் பிள்ளையிடம் போனார். இன்னொரு கோப்பி சொன்னார். இந்தக் கடையில் கோப்பையில் பெயர் எழுதி, பிறகு கூப்பிட்டுத் தருவார்கள். பெயர் என்ன என்று அந்தப் பிள்ளை கேட்டாள். நாட்டுக்கு வந்த நாளிலிருந்து இப்படிக் கேட்கிறவர்களுக்கெல்லாம் அவர் ‘ராஜ்’. தொழிற்சாலையிலும் ராஜ், டொக்டரிடமும் ராஜ். முழுப்பெயரைச் சொன்னால் ஸ்பெல் பண்ணச் சொல்வார்கள், அதற்குள் கோப்பி ஆறிவிடும்.

“சேக்ரட்” என்றார் அண்ணை. அபி சொன்ன மாதிரியே, கடைசி எழுத்தை அழுத்தாமல்.

அந்தப் பிள்ளை நிமிரவில்லை. ஸ்பெல் பண்ணச் சொல்லவுமில்லை. எழுதினாள். கொஞ்ச நேரத்தில் கடை முழுவதற்கும் கேட்க அந்தப் பெயரைக் கூப்பிட்டாள். அண்ணை போய் வாங்கிக்கொண்டு, சிந்தாமல் கவனமாக நடந்து வந்து, எழுத்து என் பக்கம் தெரியத்தக்கதாகக் கோப்பையைத் திருப்பி எனக்கு முன்னால் வைத்தார்.

“பாத்து, மலரில பிழையில்லாமல் எழுது” என்றார்.